போன மீன்கள்

மீன் போய்விட்டால் முதலில் தூண்டில் நரம்பின் நுனியைப் பார்க்க வேண்டும். தொய்ந்து கிடப்பதைச் சுற்றி எடுத்து, கடைசி ஒரு முழத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடந்தது தெரிந்துவிடும். நுனி சுருள்சுருளாகத் திரும்பியிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. வெளுத்துச் சொரசொரத்து நகத்தில் தட்டுப்பட்டால் பாறையோ வேரோ தின்றிருக்கிறது. கத்தரித்தாற்போல நேராக இருந்தால் பாரம் தாங்காமல் அறுந்திருக்கிறது. முள்ளில் கட்டிய பொய் ஈ பத்திரமாகத் திரும்பி வந்திருந்தால் கேள்வி முள்ளுக்குப் போகும்: வளைவு விரிந்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் முள் ஏறிய இடம் சரியில்லை. வாயோரத்து மெல்லிய தோலில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்திருக்கும். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

பொய் ஈயால் மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் பழக வருகிறவர்களுக்கு வீசும் முறையைத்தான் எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இந்த நுனியைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பேன். பிடிபட்ட மீனுக்குப் புகைப்படம் இருக்கிறது, எடை இருக்கிறது, சாட்சிக்கு ஆள் இருக்கிறது. போன மீன் விட்டுச்செல்வது இந்த ஒரு முழ நரம்பை மட்டும்தான். என் குறிப்பேட்டில் பிடித்த மீனுக்கு ஒரு வரி எழுதினால் போன மீனுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். தண்ணீர் எப்படி இருந்தது, எங்கே நின்றேன், எங்கே கடித்தது, எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே விட்டது. இந்த ஆற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

ஆறு, டோங்காரிரோ. நியூசிலாந்தின் வட தீவு நடுவே ருவாபேஹு என்ற எரிமலை 2,797 மீட்டர் உயரத்தில் தலையில் பனியோடு நிற்கிறது. அதன் கிழக்குச் சரிவுத் தண்ணீரும் மேட்டுநிலத்து ஓடைகளும் சேர்ந்து வடக்கே இறங்கி, டூரங்கி என்ற சிற்றூரைத் தாண்டி டௌப்போ ஏரியில் கலக்கின்றன. அந்த ஏரியே ஓர் எரிமலை வாய்தான். சுமார் 25,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பின் பள்ளத்தில் இன்று 616 சதுர கிலோமீட்டர் தண்ணீர் நிற்கிறது. ஆற்றுக்குள் இறங்கினால் காலடியில் உருண்டைப் பாறைகள். 1995, 96 ஆண்டுகளில் ருவாபேஹு சாம்பல் கக்கியபோது ஆறு சாம்பலைச் சுமந்தது. 2004 பிப்ரவரிக் கடைசியில் வந்த வெள்ளம் பல மடுக்களின் உருவத்தையே மாற்றிப்போட்டது. இங்கே மடுவுக்கு மடு பெயர் உண்டு. மேஜர் ஜோன்ஸ், ரெட் ஹட், ஜட்ஜஸ் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். பெயர் அப்படியே இருக்கும், அடியிலுள்ள கல் இடம் மாறிவிடும். ஹாமில்டனிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வண்டியோட்டி வந்து இறங்கும் எனக்கு, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஆற்றைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

மீன்களும் வந்தேறிகள். 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில், பனிக்கட்டிக்கு நடுவே, பாசி பொதிந்த பெட்டிகளில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு சாமன் முட்டைகள் போயின. கூடவே சில ஆயிரம் பிரவுன் ட்ரவுட் முட்டைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். டாஸ்மேனியாவில் பிளெண்டி என்ற இடத்தில் அவை பொரித்தன. எதற்காகக் கப்பல் ஏற்பாடு செய்தார்களோ அந்த சாமன் நிலைக்கவில்லை. துணைக்குப் போன ட்ரவுட் நிலைத்தது. மூன்று ஆண்டுகளில் அங்கிருந்து நியூசிலாந்துக்கு வந்தது. ரெயின்போ ட்ரவுட் 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டையாக வந்தது. கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் வம்சம் அது. இங்கே அதற்கு டௌப்போ ஏரியே கடலானது. கோடை முழுக்க ஏரியில் தின்று கொழுத்து, குளிர்காலத்தில், ஜூன் மாதம் தொடங்கி, மழை பெய்து தண்ணீர் கொஞ்சம் கலங்கும் நாட்களில் கூட்டம் கூட்டமாக டோங்காரிரோவில் ஏறுகிறது.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஏரியில் கோஆரோ என்ற சிறு மீன் ஏராளமாக இருந்தது. ஏரிக்கரையின் மாவோரி மக்களான ங்காட்டி டூஃபாரெட்டோவாவுக்கு அது தலைமுறை தலைமுறையான உணவு. ட்ரவுட் அதைத் தின்று பெருத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து பவுண்டுக்கு மேற்பட்ட மீன்கள் சாதாரணமாக விழுந்தது அதனால்தான். பிறகு கோஆரோ குறைந்தது, ட்ரவுட்டும் மெலிந்தது. 1934 முதல் ஸ்மெல்ட் என்ற இன்னொரு சிறு மீனைக் கொண்டுவந்து விட்ட பிறகே ட்ரவுட் தேறியது. ஏரியின் அடிநிலம் இன்று அந்த மக்களுக்கே உரியது. நான் அவர்கள் தண்ணீரில், வந்தேறி மீனைத் தேடி நிற்கும் வந்தேறி. இது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது. இன்னொன்று: இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். எந்தக் கடையிலும் கிடைக்காது. உரிமம் வாங்கி நீயே பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் இங்கே போன மீனுக்குச் சந்தை விலை என்று எதுவும் கிடையாது. அதன் மதிப்பு முழுக்க அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

மீன் ஏன் போகிறது என்று கேட்டால், நரம்பு மெல்லியது என்பதே நேரான பதில். ஏன் தடித்த நரம்பு போடக் கூடாது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஃப்ளை ஃபிஷிங் என்ற கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மேலாற்றைப் பார்த்தபடி, அடித்தளத்தை ஒட்டி நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் பூச்சிகளை, முக்கியமாக மே ஃப்ளை போன்றவற்றின் நீர்வாழ் இளம்பருவமான நிம்ஃபுகளை, இருந்த இடத்திலிருந்தே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். நாம் கட்டும் நிம்ஃப், சின்ன முள்ளில் இறகு நாரும் செம்புக் கம்பியும் சுற்றியது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் வடிவமைத்த ‘ஃபெசன்ட் டெய்ல்’ நிம்ஃபில் நூல்கூடக் கிடையாது. கோழியினப் பறவை ஒன்றின் வால் நாரும் மெல்லிய செம்புக் கம்பியும் மட்டும்தான். இதை நான் இன்னும் கட்டுகிறேன், இதைவிட நேர்மையான ஈயை யாரும் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த நிம்ஃப் அடியோட்டத்தின் வேகத்திலேயே போக வேண்டும். மேல்தண்ணீர் வேகமாகப் போகும், கல்லில் உரசும் அடித்தண்ணீர் மெதுவாகப் போகும். நரம்பு தடித்திருந்தால் மேல்தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். நிம்ஃப் அடியிலிருந்து தூக்கிக்கொண்டு, எந்தப் பூச்சியும் போகாத வேகத்தில் ஓடும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. மெல்லிய நரம்பு தண்ணீரை வெட்டிக்கொண்டு இறங்கும், நிம்ஃபை அதன் போக்கில் விடும்.

ஆகவே மீனை நம்பவைக்கும் மென்மையும் மீனைத் தாங்கும் பலமும் எதிரெதிராக நிற்கின்றன. ஆறு பவுண்டு நரம்பு போட்டால் மீன் கடிக்கும், சில மீன்கள் போகும். பன்னிரண்டு பவுண்டு போட்டால் எந்த மீனும் அறுத்துக்கொண்டு போகாது, கடிக்கவும் செய்யாது. ஒரு மீனையும் இழக்காதவர் என்று யாராவது சொன்னால், அவர் தடித்த நரம்போடு காலித் தண்ணீரில் நாளைக் கழித்தவர் என்று புரிந்துகொள்வேன். ட்ரவுட் தப்புவது இந்த முறைக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது வலை வீச்சுதான்.

நுனி நரம்பை இங்கே டிப்பெட் என்பார்கள். தடிமனை எக்ஸ் எண்ணால் குறிப்பார்கள். 0.011 அங்குலத்திலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்காக அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். நான்கு எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், சுமார் 0.18 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு பட்டுப்புழுவிலிருந்து வந்தது. நைலான் வருவதற்கு முன் நுனி நரம்பைப் பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டித்தான் செய்தார்கள். ஸ்பெயினில் முர்சியாப் பகுதியில் அது பெரிய தொழில். இழுத்த இழையைத் துளைத்தகடு வழியாக உருவி உருவி மெலிதாக்குவார்கள்; எத்தனை முறை உருவினார்கள் என்பதே எக்ஸ். காய்ந்தால் உடையும் என்பதால் தூண்டில் போடும் முன் ஊறவைக்க வேண்டும். 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டு, போருக்குப் பின் அது ஆற்றுக்கு வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. பட்டு இழையோடு நின்ற அந்தப் பழைய ஆட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எத்தனை மீன்களை அவர்கள் காய்ந்த முடிச்சில் பறிகொடுத்திருப்பார்கள்! இப்போதும் முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்கிறோம். உலர்ந்த நரம்பை இழுத்தால் உராய்வின் சூட்டில் அது அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும்.

இனி மீன்களுக்கு வருகிறேன்.

மேஜர் ஜோன்ஸ் மடுவில் ஒரு ஆகஸ்ட் காலை. முந்தைய நாள் தெற்கிலிருந்து குளிர்மழை வந்து போயிருந்தது, தண்ணீர் இளநீல நிறத்தில் லேசாகக் கலங்கியிருந்தது. ஏரியிலிருந்து புதிதாக ஏறிய மீன் என்றால் பளபளவென்று வெள்ளியாக இருக்கும், பக்கவாட்டுச் சிவப்பு இன்னும் ஏறியிருக்காது. தக்கையாக மிதக்கவிட்டிருந்த கம்பளிக் குஞ்சம் ஓட்டத்தோடு போய், மடுவின் வால்பகுதியில் திரும்பும் இடத்தில், முங்கவில்லை, நின்றது. ஆற்றோடு போகும் ஒன்று நிற்கிறது என்றால் கீழே யாரோ பிடித்திருக்கிறார்கள். கோலைத் தூக்கினேன். அடுத்த கணம் மடுவின் நடுவில் அது முழுதாக வெளியே இருந்தது.

ரெயின்போ துள்ளும்போது கோலைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. காற்றில் அந்த எடை முழுவதும், தலையை உதறும் வேகத்தோடு, இறுகிய நரம்பின் மேல் விழும். முதல் துள்ளலுக்குத் தாழ்த்தினேன், இரண்டாவதற்கும் தாழ்த்தினேன். மூன்றாவது துள்ளல் எதிர்க்கரைப் பக்கம், எனக்கு மேலாற்றில். அப்போது நரம்பின் நடுப்பகுதி ஓட்டத்தில் வில்லாக வளைந்து கீழாற்றில் கிடந்தது. கோல் நுனியில் நான் கொடுத்த தளர்வு அந்த வில்லைத் தாண்டி மீனிடம் போகவே இல்லை. ஆறு தன் பங்குக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மீன் உச்சியில் ஒரு முறை தலையை உதறியது. நிம்ஃப் தெறித்து வெயிலில் மின்னியதைப் பார்த்தேன். மீன் ஒரு பக்கம் விழுந்தது, ஈ ஒரு பக்கம் விழுந்தது.

முள்ளில் குறை ஒன்றும் இல்லை. அன்று அந்த மடுவில் வேறு மீன்கள் பிடித்தேன். அவற்றின் உருவம் எதுவும் மனதில் நிற்கவில்லை. மூன்றாவது துள்ளலில் அந்த மீன் இருந்த உயரமும், அதன் வயிற்றின் வெண்மையும், பின்னால் எதிர்க்கரைப் புதர்களின் கரும்பச்சையும் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு மீன் எனக்கு மேலாற்றில் ஓடினால் முதல் வேலையாக நரம்பை நீரிலிருந்து உயர்த்தி, வளைவை எடுத்துவிடுகிறேன். கோலைக் கையாளும் முறையில் என்னிடம் உள்ள பாதி அந்த மீன் கொடுத்தது.

பிரவுன் ட்ரவுட்டின் கதை வேறு. அது துள்ளாது, வீட்டுக்குப் போகும்.

அந்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு சிறு கிளையோடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் சில்வண்டுகள் மரங்களில் காதடைக்கக் கத்தும். காற்றடித்தால் தண்ணீரில் விழும். கரையைத் தண்ணீர் குடைந்து வைத்திருக்கும் ஒரு வளைவில், வில்லோ மரவேர்களுக்கு முன்னால் ஒரு பெரிய பிரவுன் நின்றது. ட்ரவுட்டுக்குத் தண்ணீருக்கு வெளியே உள்ள உலகம் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். சுமார் 97 பாகை அகலம். அதற்கு வெளியே மேற்பரப்பு வெறும் கண்ணாடி. அதனால் பின்னாலிருந்து, தாழ்ந்து போக வேண்டும். புல்லில் முழங்காலிட்டு நீண்ட நேரம் பார்த்தேன். அது மேலே வந்து ஒரு வண்டை வாங்கிக்கொண்டு இறங்கும், இடைவெளி விடும், மறுபடி அதே இடத்துக்கு வரும். அவசரம் என்பதே இல்லை. அப்படி ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

பொய்ச் சில்வண்டை மேலே போட்டேன். பிரவுன் எழும்பி வந்தது, வாய் திறந்தது, உள்ளே வெள்ளை தெரிந்தது. இங்கேதான் கை பதறக் கூடாது. பெரிய பிரவுன் வாயை மூடித் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். முந்தினால் ஈ வாயிலிருந்து உருவிக்கொண்டு வரும். நியூசிலாந்துப் பெரியவர்கள் ‘காட் சேவ் தி குயின்’ என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டுக் கோலைத் தூக்கு என்பார்கள். நான் ‘முருகா முருகா’ என்று சொல்வேன். சொல்லித் தூக்கினேன், பாரம் இருந்தது.

நேரே வேருக்குப் போனது. கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் மீனின் தலை திரும்பும். தலை திரும்பினால் உடலும் வந்தாக வேண்டும். முதல் தடவை திரும்பியது. இரண்டாவது தடவையும் திரும்பியது. மூன்றாவது தடவை திரும்பாமல் கரையின் குடைவுக்குள் நுழைந்து நின்றுவிட்டது. நரம்பில் அதன் அசைவு போய், தண்ணீரில் ஆடும் வேரின் அசைவு மட்டும் வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். இப்படி மாட்டினால் நரம்பைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. இழுப்பு நின்றால் சில மீன்கள் தாமாகவே வெளியே வரும். தளர்த்தினேன். நரம்பு மெல்ல நகர்ந்து, வேரைவிட்டு விலகி ஓட்டத்துக்குள் வந்தது. அது வெளியே வந்துவிட்டது! இறுக்கினேன், தொட்ட மாத்திரத்தில் அறுந்தது. நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு நரம்பு வெளுத்துச் சீவப்பட்டிருந்தது. வேர் தன் வேலையை ஏற்கெனவே முடித்திருந்தது. மீன் வெளியே வந்ததில் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். வெளியே வரும் என்று நம்பிப் பொறுத்ததற்கு அது வந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் போனபோது அதே வளைவில் நின்றது. எதிர்முள் இல்லாத முள் போடுவதால், விட்டுப்போன ஈ வாயிலிருந்து விரைவில் விழுந்துவிடும்; அது சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. சில்வண்டைப் போட்டேன். மேலே வந்து, ஈக்கு ஒரு விரல் கீழே நின்று, ஓட்டத்தோடு பின்னோக்கி நகர்ந்தபடியே அதைப் பரிசோதித்தது. பிறகு இறங்கிவிட்டது. மறுபடி போடவில்லை.

மூன்றாவது மீன் வலையின் விளிம்பு வரை வந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அன்று கூட இருந்தார். வயதில் மூத்தவர், பொறுமையில் அதைவிட மூத்தவர். குளிர்காலக் கடைசி. நெடுநாள் ஆற்றில் நின்ற ஆண் ரெயின்போ, பக்கமெல்லாம் செக்கச்சிவந்து, கீழ்த்தாடை கொக்கியாக வளைந்து, முதுகருகே நீர்க்காகம் கொத்திய பழைய தழும்போடு வந்தது. அவர் வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, “பொறுங்கோ தம்பி, பொறுங்கோ, தலை மேல வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரியான முறை அதுதான். வலையை மீனிடம் கொண்டுபோகக் கூடாது, மீனை வலைக்கு மேல் தலைமுதலாக நடத்திவர வேண்டும். ஆனால் கிட்டே வரவர இழுக்கும் கோணம் மாறுகிறது. தூரத்தில் பக்கவாட்டாக இழுத்த நரம்பு இப்போது மேல்நோக்கி இழுக்கிறது. தாடையின் ஒரு திசையில் பிடித்திருந்த முள் வேறு திசைக்குத் திரும்புகிறது. இடையில் உள்ள நரம்பும் குறுகிவிட்டதால் நெகிழ்ந்துகொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் இத்தனை மீன்கள் காலடியில் போகின்றன. வலையின் சட்டம் அதன் வயிற்றைத் தொட்டது, தலையை ஒருமுறை ஆட்டியது, பதினாறாம் எண் முள் கழன்று என் கோட்டில் வந்து குத்தியது.

“எப்பிடியும் நாங்கள் விடப்போற மீன்தானே” என்றார் அவர். ஆறுதலாகச் சொன்னார், எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஏன் இல்லை என்று யோசிக்கவைத்தது. பெரும்பாலான மீன்களை நான் விட்டுவிடுகிறேன். எப்போதாவது ஒன்றை எடுத்துப்போய் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரிப்பதுண்டு. கையை நனைத்து, ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்து, செவுள் சீராக அசைந்த பிறகு விடும்போது, அந்த மீன் என் அனுமதியோடு போகிறது. என் கருணையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. தப்பிய மீனிடம் என்னுடையது எதுவும் இல்லை. அது தானாகப் போனது. விட்ட மீன்களை நினைத்துத் திருப்திப்படுகிறேன். போன மீன்களை மதிக்கிறேன். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்தச் சிவந்த ஆண் மீன் எனக்குக் காட்டியது. நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஓம், சரிதான்” என்றார்.

கடைசியாகச் சொல்லப்போகும் மீனை நான் பார்க்கவே இல்லை.

ஜூலை மாதம், ஆறு சற்றே உயர்ந்திருந்தது. தக்கை முங்கியதும் தூக்கினேன். முதலில் கல் என்று நினைத்தேன். கல் நகர ஆரம்பித்தது. மேலாற்றுக்கு நாலு முழம் போய்த் திரும்பி, அவசரமே இல்லாமல் மடுவின் வாலைத் தாண்டி, கீழே உள்ள வெள்ளை ஓட்டத்துக்குள் இறங்கியது. பிறகு வேகம். ரீல் கத்தியது. லைன் முழுவதும் போய், அதன் பின்னால் சுற்றியிருக்கும் பேக்கிங் நூல் தொடங்கும் முடிச்சு, கோலின் வளையங்களில் டக் டக்கென்று தட்டிக்கொண்டு வெளியே போயிற்று. வருடக்கணக்கில் சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்பதில்லை.

இப்படி ஓடினால் பின்னால் போவதுதான் வழி. கரையோடு, முழங்கால் தண்ணீரில், உருண்டைப் பாறைகளுக்கு மேல் ஓடினேன். 2004இல் தென் தீவு ஆறுகளில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அதைக் காலோடு ஆற்றுக்கு ஆறு கொண்டுபோகக் கூடாது என்று கம்பளி அடி வைத்த பூட்ஸுகளை 2008இல் நாடு முழுக்கத் தடைசெய்துவிட்டார்கள். நல்ல சட்டம். ரப்பர் அடியில் வழுக்கும், அதற்குத் தகுந்தபடி கால் வைக்க வேண்டும். இரண்டு திருப்பம் வரை போனேன். மூன்றாவதில் ஒரு பெரிய பாறை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் செங்குத்து மண்திட்டு. ஆற்றுப்பக்கம் ஆழம், அந்த ஓட்டத்தில் இறங்கினால் ஆளையே கொண்டுபோகும். மீன் பாறைக்கு அந்தப் பக்கம் எங்கோ நின்றது. நரம்பு பாறையை வளைத்துக்கொண்டு போயிருந்தது. அதில் மெதுவாக, ஒரே சீராக ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. துடுப்பை அசைத்தபடி அது ஓட்டத்தில் நிற்கிறது.

ரொம்ப நேரம் அப்படியே நின்றோம், அது அங்கே, நான் இங்கே. கை மரத்துப்போனது. பிறகு முடிவெடுத்தேன். இப்படியே வைத்திருந்தால் நரம்பு எங்காவது நடுவில் அறுந்து, மீன் பல கஜ நீள நூலை இழுத்துக்கொண்டு திரியும். அது ஏதாவது ஒரு கிளையில் சுற்றிச் சாகும். அதைவிட நாமே அறுப்பது நல்லது. கோலை நேராக மீனின் திசையில் நீட்டி, ரீலைக் கையால் அழுத்திப் பிடித்து, ஒரே சீராகப் பின்னால் நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் பலம் குறைந்த இடம் ஈக்குப் பக்கத்து முடிச்சு, அங்கே அறும். நடந்தேன். அறுந்தது. தக்கை வரைக்கும் எல்லாம் திரும்பி வந்தது, நிம்ஃப் மட்டும் இல்லை.

அன்று இரவு கல்லிடைக்குறிச்சிக்குப் போன் போட்டேன். தாமிரபரணியில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாக எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பா. வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டார். நடந்த முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எம்புட்டுப் பெரிசுல இருக்கும்?”

“தெரியல சித்தப்பா. கண்ணுல காட்டவே இல்ல.”

“ஒருக்கா கூட மேல வரலியா?”

“வரல.”

எதிர்முனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எடையை ஊகித்துச் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். பொதுவாக எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், நான் சொல்ல மறுப்பேன்.

“சரி, அந்தப் பாறைக்கு அந்தாண்ட தண்ணி எப்படில ஓடுது? சுழி உண்டா, இல்ல நேரா அடிச்சிட்டுப் போகுதா?”

பாறையின் நிழல்பக்கம் ஓட்டம் பிரிந்து, உள்ளே ஒரு மந்தமான கசம் இருக்கிறது என்றும், அதற்கு வெளியே தண்ணீர் இடது கரையை ஒட்டி வேகமாகப் போகிறது என்றும் சொல்லத் தொடங்கினேன்.